எலக்ட்ரான் கற்றையிலிருந்து நுண்ணலை: அதிர்வெண்ணை மாற்றவும் அளக்கவும் முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரான் கற்றையை வைத்து நுண்ணலை உண்டாக்கும் எந்தக் குழாயாக இருந்தாலும், அதன் அதிர்வெண்ணை மூன்று பேர் பிடித்து இழுக்கிறார்கள்: கேவிட்டி (அலை ஒத்ததிரும் உலோகக் குழி), கற்றை, வெளியே மாட்டியிருக்கும் லோடு (அலையை வாங்கிக்கொள்ளும் கருவி). ஆய்வக மேசையில் 20 மில்லிவாட் தரும் ரிஃப்ளெக்ஸ் கிளிஸ்ட்ரானுக்கும், அணு இணைவு உலையைச் சூடாக்கும் 1 மெகாவாட் ஜைரோட்ரானுக்கும் இது பொது. கேவிட்டியைத் தொட்டால் கற்றையைச் சரிபார்க்க வேண்டும், கற்றையைத் தொட்டால் லோடைச் சரிபார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வராமல் பெரிய குழாய்களின் பக்கம் போகக் கூடாது. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, ஈ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) ஆய்வகங்களில் கிடைக்கும் எக்ஸ்-பேண்ட் (8 முதல் 12 ஜிகாஹெர்ட்ஸ்) கிளிஸ்ட்ரான் பெஞ்சைப் பற்றியது. உயர்திறன் குழாய்கள் கடைசியில் வருகின்றன.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் படிப்பவர்கள், வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். கடல் காற்றும் துறைமுகமும் இந்த வேலையில் நேரடியாகத் தலையிடுகின்றன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

குழாய்க்குள் நடப்பது

கிளிஸ்ட்ரானை 1937-இல் ஸ்டான்ஃபோர்டில் வேரியன் சகோதரர்கள் உருவாக்கினார்கள். மேசைப் பெஞ்சில் இருக்கும் 2கே25, அந்தக் குடும்பத்தின் சிறிய வகை. இரண்டாம் உலகப்போர் கால ரேடார் ரிசீவர்களில் லோக்கல் ஆசிலேட்டராக (வரும் எதிரொலியோடு கலப்பதற்கான அலையை உண்டாக்கும் பாகமாக) இருந்தது இதுதான். கேத்தோடிலிருந்து (எலக்ட்ரான்களை உமிழும் முனை) கிளம்பும் கற்றை கேவிட்டியின் கிரிட் இடைவெளியைக் கடக்கும்போது, அங்குள்ள நுண்ணலைப் புலம் சில எலக்ட்ரான்களை வேகப்படுத்துகிறது, சிலவற்றை மெதுவாக்குகிறது. இடைவெளியைத் தாண்டினால் எதிரே எதிர்மின்னழுத்தத்தில் ரிப்பெல்லர் நிற்கிறது. மேலே எறிந்த பந்து போல எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் போய்த் திரும்புகின்றன. வேகமாகப் போனது தூரம் போய்த் தாமதமாகத் திரும்பும், மெதுவாகப் போனது சீக்கிரம் திரும்பும். ஆகவே முன்பின்னாகக் கிளம்பியவை ஒரே நேரத்தில் கொத்தாக வந்து சேர்கின்றன. அந்தக் கொத்து அலைச் சுற்றின் சரியான கட்டத்தில் (ஃபேஸ்) கேவிட்டிக்குள் நுழைந்தால், தன் ஆற்றலை அலைக்குக் கொடுத்துவிடும்.

சரியான கட்டம் என்பது போய்த் திரும்பும் நேரம் (முழு எண் + முக்கால்) சுற்றுகளாக இருப்பது: 1.75, 2.75, 3.75, 4.75 என்று. ஒவ்வொன்றும் ஒரு மோட். ரிப்பெல்லரை இன்னும் எதிர்மறையாக்கினால் பயண நேரம் குறையும், அதிர்வெண் கொஞ்சம் ஏறும். இதுதான் எலக்ட்ரானிக் டியூனிங். கேவிட்டியின் கிரிட் இடைவெளியைத் திருகால் நெருக்கினால் மின்தேக்கம் கூடி அதிர்வெண் இறங்கும். இது மெக்கானிக்கல் டியூனிங். முதலாவது சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். இரண்டாவது 2கே25-இல் 8.5 முதல் 9.66 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டு போகும்.

கோட்பாட்டின்படி இந்தக் குழாயின் உச்சத் திறன் 22.7 சதவீதம். மேசையில் 300 வோல்ட், 20 மில்லிஆம்பியர் என்றால் உள்ளே போவது 6 வாட், வெளியே வருவது 20 மில்லிவாட் அளவு. மீதி அத்தனையும் சூடு. ஃபேன் ஓடாமல் கிளிஸ்ட்ரானை இயக்கவே கூடாது என்பது இதனால்தான்.

பெஞ்ச் அமைப்பு

கிளிஸ்ட்ரான் பவர் சப்ளை, ஃபேனோடு கூடிய கிளிஸ்ட்ரான் மவுண்ட், ஐசொலேட்டர் (அலையை ஒரே திசையில் மட்டும் விடுவது), வேரியபிள் அட்டனுவேட்டர் (அலையின் பவரைக் குறைப்பது), ஃப்ரீக்வன்சி மீட்டர், ஸ்லாட்டட் லைன் (நகரும் புரோபால் உள்ளே அலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் துண்டு), டியூனபிள் டிடெக்டர் மவுண்ட் (கிரிஸ்டல் டயோடு இருப்பது) என்ற வரிசையில் மாட்டவும். டிடெக்டரிலிருந்து பி.என்.சி. கேபிள் வழியே வி.எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) மீட்டருக்கோ சி.ஆர்.ஓ.வுக்கோ (ஆசிலோஸ்கோப்) இணைப்பு. வேவ்கைடு (அலையை நடத்தும் செவ்வக உலோகக் குழாய்) டபிள்யூ.ஆர்-90: உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ., கட்-ஆஃப் (இதற்குக் கீழே அலை பரவாது) 6.557 ஜிகாஹெர்ட்ஸ்.

ஐசொலேட்டரின் அம்புக்குறி கிளிஸ்ட்ரானிலிருந்து லோடை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வெளியீடு அநேகமாக மறைந்துவிடும். அதை ஒதுக்கிவிட்டு வேலை செய்தாலோ லோடிலிருந்து திரும்பும் அலை நேராகக் கேவிட்டிக்குள் போய் அதிர்வெண்ணை இழுக்கும். உள்ளே காந்தம் இருப்பதால் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எதையும் அதன் மேல் வைக்க வேண்டாம்.

ஃபிளாஞ்சுகளை (வேவ்கைடு முனைகளின் இணைப்புத் தகடுகள்) மாட்டுமுன் முகத்தைத் தடவிப் பாருங்கள். கடலோர ஆய்வகங்களில் பித்தளை ஃபிளாஞ்சில் பச்சைப் பூச்சு, வெள்ளிமுலாமில் கறுப்பு படிவது சகஜம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் முகத்தின் சமதளம் போய்விடும், அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. நான்கு திருகுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். துருப்பிடித்த இரும்புத் திருகுகளைத் தூக்கிப்போட்டு, ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைத் திருகு போடுங்கள். மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் ஃபிளாஞ்ச் துளைக்குப் பொருந்தும் அளவைக் கையில் ஒரு மாதிரியோடு போய்க் கேட்டால் வேலை முடியும்.

சுவிட்ச் போடுமுன்

ரிப்பெல்லரில் எதிர்மின்னழுத்தம் இல்லாமல் பீம் வோல்டேஜைக் கொடுத்தால், திரும்ப வேண்டிய எலக்ட்ரான்கள் ரிப்பெல்லரிலேயே மோதி அதைச் சூடாக்கும். குழாய் வீணாவதற்கு மிகச் சுலபமான வழி இது. ஆகவே ஆன் செய்யும்போது ரிப்பெல்லர் முதலில், பீம் பிறகு. அணைக்கும்போது பீம் முதலில் கீழே, ரிப்பெல்லர் கடைசியில்.

கேத்தோடை ஒப்பிட்டால் கேவிட்டி +300 வோல்ட், ரிப்பெல்லர் −270 வோல்ட் வரை. இரண்டுக்கும் நடுவே 570 வோல்ட் நிற்கிறது. சப்ளையைத் திறக்க நேர்ந்தால் பிளக்கைப் பிடுங்கியபின் மின்தேக்கிகளை மின்தடை வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

20 மில்லிவாட்தானே என்று திறந்த வேவ்கைடின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். வாயின் பரப்பு 2.3 சதுர செ.மீ.தான். 25 மில்லிவாட் வந்தால் அந்த இடத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட்டுக்கு மேல். பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட்.

வடசென்னைக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கப்பல் ரேடார்கள் 9.3 முதல் 9.5 ஜிகாஹெர்ட்ஸுக்குள் இயங்குகின்றன, 9.41 அவற்றின் வழக்கமான அதிர்வெண். ஆபத்தில் சிக்கியவர்களைக் கண்டுபிடிக்க உதவும் ரேடார் டிரான்ஸ்பாண்டர்களும் இதே பட்டையில்தான் பேசுகின்றன. சென்னைத் துறைமுகமும் எண்ணூர்த் துறைமுகமும் பக்கத்தில் இருக்கும்போது, ஹார்ன் ஆன்டெனாவை மாட்டி ஜன்னல் வழியே கடலை நோக்கித் திருப்புவது விளையாட்டல்ல. பெஞ்சின் முடிவில் எப்போதும் டிடெக்டரோ மேட்ச்டு டெர்மினேஷனோ இருக்கட்டும்.

இயக்கும் முறை

1. மாடுலேஷன் சுவிட்ச் ஏ.எம்.-இல் (ரிப்பெல்லருக்குச் சதுர அலை போகும் நிலை). பீம் குமிழ் முழுக்கக் குறைவில், ரிப்பெல்லர் குமிழ் முழுக்க அதிக எதிர்மறையில். ஏ.எம். அளவு, அதிர்வெண் குமிழ்கள் நடுவில். அட்டனுவேட்டர் அதிக இழப்பில்.

2. ஃபேன், வி.எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், பவர் சப்ளை என்ற வரிசையில் சுவிட்ச் போடவும். ஃபிலமென்ட் 6.3 வோல்ட்டில் சூடேறச் சில நிமிடங்கள் கொடுங்கள். பல மாதம் அலமாரியில் கிடந்த குழாய் என்றால் பீம் இல்லாமல் வெறும் ஃபிலமென்ட்டை அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

3. பீம் வோல்டேஜை மெல்ல 300-க்கு ஏற்றவும். மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர் பக்கம் வரும். 30-ஐத் தாண்ட விடாதீர்கள். ஏற ஏற மீட்டர் துடித்தால் உடனே இறக்குங்கள். குழாய்க்குள் வாயு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

4. ரிப்பெல்லர் வோல்டேஜை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வி.எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் முள் அசையும் இடம் ஒரு மோட். அங்கே நின்று ஏ.எம். அதிர்வெண்ணை 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி முள் உச்சம் போகும் இடத்தைப் பிடிக்கவும். அந்த மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் காது கொடுக்கும் குறுகிய பட்டை ஆம்ப்ளிஃபையர். மாடுலேஷன் 1.1 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் நல்ல குழாயும் செத்த குழாய் போலத் தெரியும்.

5. டிடெக்டர் மவுண்டின் பிளஞ்சரை உச்சத்துக்குத் திருப்பவும். முள் ஸ்கேலைத் தாண்டினால் மீட்டர் கெயினைத் தொடுவதைவிட அட்டனுவேட்டரைக் கூட்டுவது நல்லது. 1என்23 கிரிஸ்டல், 10 மைக்ரோவாட் அளவுக்குக் கீழேதான் ஸ்கொயர்-லா விதிப்படி (மின்னோட்டம் பவருக்கு நேர்விகிதமாக) நடக்கும். அதற்கு மேலே மீட்டரின் டெசிபல் ஸ்கேல் பொய் சொல்லும்.

மாடுலேஷன் ஏன் சதுர அலையாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ரிப்பெல்லரில் சைன் அலை கொடுத்தால் வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கேற்ப அதிர்வெண்ணும் அலையும். சதுர அலை கொடுத்தால் குழாய் ஒரு பாதியில் மோடின் உச்சியிலும், மறுபாதியில் மோடுக்கு வெளியே அணைந்தும் இருக்கும். அளவு போதாவிட்டால் முழுக்க அணையாமல் இரண்டு அதிர்வெண்களில் மாறிமாறி இயங்கும். ஃப்ரீக்வன்சி மீட்டரைத் திருப்பும்போது இரண்டு டிப் (முள் சட்டென்று விழும் இடம்) தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மோட் வளைவு

இனி சி.டபிள்யூ. (மாடுலேஷன் இல்லாத தொடர் அலை) நிலைக்கு மாற்றி, டிடெக்டரில் மைக்ரோ அம்மீட்டர் மாட்டுங்கள். ரிப்பெல்லரை −270-இலிருந்து 5 வோல்ட் படிகளாக, மோடுக்குள் வந்ததும் 1 வோல்ட் படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டமும் அதிர்வெண்ணும் குறியுங்கள். ஃப்ரீக்வன்சி மீட்டரின் மைக்ரோமீட்டரைத் திருப்பும்போது முள் சட்டென்று விழும் இடம்தான் அதிர்வெண். குறித்தபின் மீட்டரைக் கட்டாயம் விலக்கி வையுங்கள். டிப்பிலேயே விட்டுவிட்டு அடுத்த பவரைக் குறித்தால் வளைவில் இல்லாத பள்ளம் ஒன்று வந்து சேரும்.

உச்சியிலிருந்து பவர் பாதியாகும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான அதிர்வெண் வித்தியாசம் எலக்ட்ரானிக் டியூனிங் ரேஞ்ச். அதை அதே புள்ளிகளின் வோல்டேஜ் வித்தியாசத்தால் வகுத்தால் வோல்ட்டுக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது கிடைக்கும். ஸ்கொயர்-லாவுக்குள் இருக்கும்வரை டிடெக்டர் மின்னோட்டம் பவருக்கு நேர்விகிதம். ஆகவே மின்னோட்டம் பாதியாகும் இடமே பாதி-பவர் புள்ளி, 0.707 மடங்காகும் இடமல்ல.

மோட் எண்ணைக் கணக்கிடுவதில் பல ரெக்கார்டு நோட்டுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பயண நேரம் ரிப்பெல்லர் வோல்டேஜுக்கு மட்டும் தலைகீழ் விகிதம் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது பீம் வோல்டேஜும் ரிப்பெல்லர் வோல்டேஜும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குத் தலைகீழ் விகிதம், ஏனென்றால் எலக்ட்ரானைத் தடுக்கும் புலம் +300-இலிருந்து ரிப்பெல்லர் வரைக்கும் விரிந்திருக்கிறது. உதாரணத்துக்கு, பீம் 300 வோல்ட், அடுத்தடுத்த மோட் உச்சிகள் −150, −55 வோல்ட்டில் என்று வையுங்கள். கூட்டுத்தொகைகள் 450, 355. விகிதம் 1.268. 4.75-ஐ 3.75-ஆல் வகுத்தால் 1.267. ஆக இவை 3.75, 4.75 மோடுகள். வெறும் 150-ஐ 55-ஆல் வகுத்தால் 2.73 வரும், அதற்குப் பொருந்தும் முழு எண்ணே கிடையாது. அப்போது எண்களை வளைக்காமல் சூத்திரத்தைத் திருத்துங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரிப்பெல்லரைக் குறைத்துக்கொண்டு போகும்போது கிடைத்த மோட் விளிம்பும், கூட்டிக்கொண்டு வரும்போது கிடைத்த விளிம்பும் சில சமயம் ஒத்துவராது. லோடிலிருந்து திரும்பும் அலை இதைப் பெரிதாக்கும். எல்லா அளவீடுகளையும் ஒரே திசையில் போய் எடுங்கள்.

திருகால் டியூன் செய்வது

கிளிஸ்ட்ரானின் பக்கவாட்டுத் திருகைக் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருப்புங்கள். முள் விழும். பயப்பட வேண்டாம்: கேவிட்டியின் அதிர்வெண் மாறிவிட்டது, கற்றையின் பயண நேரம் பழைய அதிர்வெண்ணுக்கு ஏற்றதாக நிற்கிறது. ரிப்பெல்லரை நகர்த்தி உச்சியை மறுபடி பிடியுங்கள். பிறகு டிடெக்டர் பிளஞ்சர், பிறகு அதிர்வெண் வாசிப்பு. அதிர்வெண்ணை ஏற்றியிருந்தால் ரிப்பெல்லர் இன்னும் எதிர்மறையாகப் போக வேண்டும், இறக்கியிருந்தால் குறைய வேண்டும். எதிர்த்திசையில் போனால் பக்கத்து மோடில் மாட்டிக்கொள்வீர்கள்: முள் ஏறும், ஆனால் பவர் குறைவாக இருக்கும். வளைந்து கொடுக்கும் உலோகத் தகடுதான் இந்தத் திருகுக்கு அடியில் இருக்கிறது. முடிவில் இடிக்கும்வரை திருப்பினால் குழாயின் வெற்றிடமே போய்விடக் கூடும்.

சி.ஆர்.ஓ.வில் மொத்தப் படமும்

இந்தப் பெஞ்சில் கற்றுக்கொள்ள ஒரே ஒரு காட்சிதான் உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்கும். மாடுலேஷனை எஃப்.எம்.-க்கு மாற்றுங்கள். ரம்ப அலை ரிப்பெல்லருக்குப் போகும். அதையே சி.ஆர்.ஓ.வின் எக்ஸ் உள்ளீட்டுக்கும், டிடெக்டரை ஒய் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். மோடுகள் மேடு மேடாகத் திரையில் நிற்கும். ஃப்ரீக்வன்சி மீட்டரைத் திருப்பினால் ஒரு சிறிய வெட்டு மேட்டின் மேல் ஊர்ந்து போகும். அது ஒரு பாதி-பவர் புள்ளியில் நிற்கும்போது ஒரு வாசிப்பு, மறுபக்கம் நிற்கும்போது இன்னொன்று. அரை மணி நேரம் புள்ளி புள்ளியாக எடுத்த டியூனிங் ரேஞ்ச் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். இந்த நிலையிலேயே மெக்கானிக்கல் திருகைத் தொட்டால், வெட்டும் மேடும் ஒன்றையொன்று விட்டு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதிர்வெண்ணைச் சரிபார்ப்பது

ஃப்ரீக்வன்சி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்லாட்டட் லைனின் முடிவில் ஷார்ட் பிளேட் மாட்டி, அடுத்தடுத்த மினிமங்களுக்கு (முள் மிகக் குறையும் இடங்கள்) இடையிலான தூரத்தை அளங்கள். 9.4 ஜிகாஹெர்ட்ஸில் அந்தத் தூரம் 22.26 மி.மீ., கைடு அலைநீளம் (வேவ்கைடுக்குள் அலைநீளம்) அதன் இருமடங்கு, 44.5 மி.மீ. தூரத்தில் 0.1 மி.மீ. பிழை வந்தால் அதிர்வெண்ணில் 20 மெகாஹெர்ட்ஸ் பிழை. ஆகவே முதல் மினிமத்திலிருந்து நான்காவது வரை அளந்து மூன்றால் வகுங்கள். புரோபை எவ்வளவு குறைவாக நுழைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக நுழையுங்கள். ஆழமாக நுழைந்த புரோப் தானே ஒரு லோடு.

வேலை செய்யாதபோது

வெளியீடே இல்லை, பீம் மின்னோட்டம் சரியாக இருக்கிறது என்றால், பழுது பெரும்பாலும் கிரிஸ்டலில். கழற்றி மல்டிமீட்டரில் இரு திசையிலும் மின்தடை பாருங்கள். விகிதம் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் கிரிஸ்டல் போய்விட்டது. கையிலிருந்து பாயும் நிலைமின்னே அதைக் கொல்லப் போதும், அதனால் மாற்றுக் கிரிஸ்டலை உலோகத் தாளில் சுற்றியே வையுங்கள்.

பீம் மின்னோட்டமே குறைவு என்றால் முதலில் ஃபிலமென்ட் வோல்டேஜ். மின்சாரம் தாழும் நேரங்களில் 6.3 என்பது 5.7 ஆகிவிட்டால் உமிழ்வு சரிந்துவிடும். ஸ்டெபிலைசர் வையுங்கள். அது சரியாக இருந்தும் குறைவென்றால் குழாய்க்கு வயதாகிவிட்டது.

அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருந்தால் சூடு காரணம். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் கேவிட்டி நிலைப்பட அரை மணி நேரம் கூட ஆகும். அதுவரை எடுத்த எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேசையைத் தட்டினால் முள் துள்ளுகிறதா? ஃபிளாஞ்ச் அல்லது குழாயின் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. சப்ளையின் ரிப்பிளும் அதிர்வெண்ணாக மாறும்: வோல்ட்டுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் நகரும் குழாயில் 50 மில்லிவோல்ட் ரிப்பிள் 100 கிலோஹெர்ட்ஸ் அலைச்சல் தரும்.

வேலை முடிந்தால் பீமைக் குறைத்து, ரிப்பெல்லரை அதிக எதிர்மறையில் வைத்து, சப்ளையை அணைத்தபின்னும் ஃபேனைச் சில நிமிடம் ஓட விடுங்கள். வேவ்கைடு வாய்களுக்கு மூடி போட்டு, பெட்டியில் சிலிக்கா ஜெல் வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம்.

உயர்திறன் குழாய்களில் இதே மூன்று

பவர் கூடக் கூட, திருப்புவதற்குக் குமிழ்கள் குறைகின்றன. வெற்றிடத்துக்குள், பல கிலோவோல்ட் நடுவே, நகரும் பாகம் வைப்பது கடினம். இடைவெளி நெருங்கினால் பொறி பாயும்.

1940-இல் பர்மிங்காமில் ராண்டாலும் பூட்டும் செய்த கேவிட்டி மேக்னட்ரானில் அதிர்வெண் பெரும்பாலும் உலோகத்தில் வெட்டிய குழிகளிலேயே முடிவாகிவிடுகிறது. டியூனபிள் வகைகளில் பெல்லோஸ் வழியாக வெளியிலிருந்து நகர்த்தும் ஊசிகளோ வளையமோ குழிகளின் அளவை மாற்றும். கற்றை மின்னோட்டம் மாறினால் அதிர்வெண் நகர்வது புஷிங். ஆம்பியருக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். வி.எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 உள்ள லோடை எல்லாக் கட்டங்களிலும் நகர்த்தும்போது அதிர்வெண் மொத்தமாக எவ்வளவு அலைகிறது என்பது புல்லிங் எண். மேசைப் பெஞ்சில் ஐசொலேட்டரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்த அதே இழுப்புதான். வீட்டு மைக்ரோவேவ் அவனின் மேக்னட்ரானை எடுத்து இவற்றைச் சோதிக்க முயல வேண்டாம். அதில் 4 கிலோவோல்ட் ஓடுகிறது, அந்த மின்தேக்கி உயிரை எடுத்துவிடும்.

அகலமாக, வேகமாக, வோல்டேஜால் மட்டும் டியூன் செய்ய வேண்டுமென்றால் பேக்வர்டு வேவ் ஆசிலேட்டர். அதில் கூர்மையான கேவிட்டியே கிடையாது. மெதுவலை அமைப்பில் (அலையின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) கற்றையின் வேகத்தோடு ஒத்துப்போகும் அதிர்வெண் எதுவோ, அது பிறக்கும்.

ஜைரோட்ரானில் குமிழ் என்பது காந்தப்புலம். ஒரு டெஸ்லாவுக்கு 28 ஜிகாஹெர்ட்ஸ், அதை எலக்ட்ரானின் சார்பியல் காரணியால் வகுக்க வேண்டும். 80 கிலோவோல்ட் கற்றைக்கு அந்தக் காரணி 1.157. ஆக ஐட்டர் என்ற சர்வதேச அணு இணைவு உலைக்கான 170 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட 7 டெஸ்லா மீக்கடத்திக் காந்தம் வேண்டும். புலத்தை மாற்றினால் அதிர்வெண் வழுக்கிக்கொண்டு போகாது, கேவிட்டியின் ஒரு மோடிலிருந்து அடுத்ததற்குப் படி தாவும். லோடின் பக்கத்தில் வைர ஜன்னல் நிற்கிறது. தடிமன் அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால்தான் அலை பிரதிபலிக்காமல் வெளியே போகும். 1.8 மி.மீ. வைரத்தகடு 105 ஜிகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலைகள், 140-இல் நான்கு. ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு என்ற இணைவு ஆய்வுக் கருவிக்கு அந்த இரண்டு அதிர்வெண்களிலும் இயங்கும் ஜைரோட்ரான்கள் அமைந்ததில் இந்தப் பொருத்தத்துக்கும் பங்குண்டு.

துறைமுகத்தில் கப்பல் ரேடார் பார்ப்பவர்களுக்கு இதன் தினசரி வடிவம் தெரியும். 9410 மெகாஹெர்ட்ஸ் மேக்னட்ரானை யாரும் திருப்புவதில்லை, சூடேறும்போது அது தானே நகர்கிறது. நகர்வைத் துரத்த வேண்டியது ரிசீவரின் லோக்கல் ஆசிலேட்டர். ஸ்டாண்ட்பையிலிருந்து டிரான்ஸ்மிட்டுக்கு மாறியதும் டியூன் செய்தால், பத்து நிமிடத்தில் எதிரொலி மங்கிவிடும். நீண்ட ரேஞ்ச் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கெயினைச் சற்றுக் குறைத்து, தூரத்துப் பலவீனமான எதிரொலி ஒன்றை வைத்து டியூன் செய்யுங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.